பிலோமினா அக்கா கேட்ட பெயர்கள்

பிலோமினா அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய தங்கை மகள் ரோஸ்லின். செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் கோயிலின் பங்கு அலுவலகத்தைத் திறந்து மின்விசிறியைப் போட்ட நேரம். அக்கா கடைசியாக இருந்த குளுவாங் முதியோர் இல்லத்திலிருந்து போனில் பேசினார். எங்கள் பங்கில் யார் இறந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் மரண அறிவிப்பை எழுதிப் போடுவது என் வேலை. வயது, பூசை நேரம், அடக்கம் எல்லாம் சொல்லிவிட்டு ரோஸ்லின் தயங்கினார்.

"நோயாளிகள் சந்திப்புக் குழுன்னு போடலாமா அங்கிள்? அதுலேருந்துதான் எடுத்துட்டாங்களே."

போடலாம் என்றேன். அவரை அந்தக் குழுவிலிருந்து எடுக்க வைத்தவன் நான். பாலோ, லாயாங் லாயாங் ஊர்களில் அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அவர் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகும் வாரம் இருமுறை பஸ் பிடித்து அதே வார்டுகளுக்குப் போனார், இந்த முறை செபமாலையோடு. கண்டிப்பானவர் என்பது எல்லாருக்கும் தெரியும். தவக்காலம் இல்லாத வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சி தொடமாட்டார். முக்காடு இல்லாமல் நற்கருணை வாங்கமாட்டார். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் பிள்ளைகளிடம், "எப்ப கோயில்ல கல்யாண ஓலை போடப் போறீங்க?" என்று நேராகவே கேட்பார். அப்படிக் கேட்டதால் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு ஜோடிக்கு டெங்கி வந்தபோது பத்து நாள் கஞ்சி கொண்டுபோனவரும் அவர்தான்.

சாகக் கிடப்பவர்களிடம் அவர் அதிகம் பேசமாட்டார். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "சூசையப்பர் சாகறப்ப ஒரு பக்கம் இயேசு, ஒரு பக்கம் மாதா. அதான் அத நல்மரணம்னு சொல்றாங்க. வேற ஒண்ணுமில்ல தம்பி" என்றார்.

ஆறு வருடங்களுக்கு முன் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. மூன்று மாதம் கண் திறக்கவில்லை. மூக்குக் குழாய் வழியாகப் பால் போய்க்கொண்டிருந்தது. இனித் தேறமாட்டார், குழாயைத் தொடர்வதா வேண்டாமா என்று குடும்பமாகப் பேசுங்கள் என்றார் மருத்துவர். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், அம்மாவை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும் என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அக்கா எங்களைத் திட்டவில்லை. ஃபாதரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார், அவ்வளவுதான். உடம்பே ஏற்காமல் போனால் நிறுத்துவதில் பாவம் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஸ்டெல்லாவுக்கு இன்னும் பால் இறங்குகிறதே என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாக விடறது வேற தம்பி. சாகணும்னு நிறுத்தறது வேற" என்றார்.

வார்டு முழுக்கப் பார்வையாளர்கள். எல்லார் முன்னாலும் அவரை வெளியே போகச் சொன்னேன். இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்றேன். அவர் ஸ்டெல்லாவின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார். குழாயை எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் ஸ்டெல்லா போய்விட்டாள்.

அன்று எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பது எனக்குத் தெரியும். மூன்று மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து களைத்துப் போயிருந்தேன். ஸ்டெல்லாவின் நிம்மதிக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். என் நிம்மதியையும் விரும்பினேன். அதை அவர் கண்டுகொண்டார் என்று நினைத்தேன்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரத்தில் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிலோமினா அக்காவின் பேச்சால் பல குடும்பங்கள் மனம் புண்பட்டிருப்பதாக அதில் இருந்தது. பங்குத்தந்தை ஊருக்குப் புதியவர். நான் பங்குப் பேரவைச் செயலாளர். நம்பினார். யார் எழுதியது என்று சொல்லாமல், சில குடும்பங்கள் மனம் புண்பட்டிருக்கின்றன, கொஞ்ச காலம் ஓய்வெடுங்கள் என்று அக்காவிடம் சொன்னார். அந்தக் கொஞ்ச காலம் முடியவே இல்லை.

கோயில் வாசலில் யாரோ அவருக்காக வருத்தப்பட்டபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். "என் பேர்ப் புனிதை பிலோமினாவையே திருச்சபை நாள்காட்டியிலேருந்து எடுத்தாங்க. அவங்க என்ன சண்டைக்கா போனாங்க?" என்று அக்கா சிரித்தார். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முதியோர் இல்லத்தில் கேக் கொடுக்கப் போனோம். அவர் மெலிந்து கட்டிலில் சாய்ந்திருந்தார். ஸ்டெல்லாவுக்குப் பூசை வைக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்டார். மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போனதும் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நீங்க ஆபீஸ்ல இருக்கீங்க. என்னால மனசு நொந்த அந்தக் குடும்பங்க யாருன்னு தெரியுமா? ஆறு வருஷமா யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகம் வரல. உங்ககிட்ட அன்னிக்கு அப்படிப் பேசுனது தெரியும், அதுக்கு மன்னிச்சிருங்க. மத்தவங்க பேரச் சொன்னா ரோஸ்லின் என்னக் கூட்டிட்டுப் போவா. மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

அவர் ஒவ்வொரு வீடாக யோசித்திருக்கிறார். யார் வீட்டு மரணத்தில் எந்த வார்த்தையைத் தவறாகச் சொன்னோமோ என்று தேடியிருக்கிறார். அப்படி ஒரு வீடும் இல்லை. "யாருமில்லக்கா, நான்தான் எழுதுனேன்" என்று சொல்ல மூன்று சொற்கள் போதும். அடுத்த அறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது, என்னைக் கூப்பிட்டார்கள்.

பிறகு பல ஞாயிறுகள் வந்துபோயின. குளுவாங் தூரமில்லை. நான் போகவில்லை.

அடக்கத்தன்று ரோஸ்லின் சொன்னார், கடைசி வாரத்திலும் அங்கிள் வந்தாரா என்று அக்கா கேட்டாராம். அதற்கு மேல் தாங்க முடியாமல் இப்போதுள்ள பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஸ்டெல்லாவைப் பற்றியும் சொன்னேன். அந்த முடிவு சரியா தவறா என்று எனக்கு இன்றும் தெரியாது. அதைக் கடவுளிடம் விட்டிருக்கிறேன். கடிதத்தைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் இங்கே எழுதலாம். பாவத்துக்கு மன்னிப்பு உண்டு, ஆனால் ஒருவரிடமிருந்து பறித்த நல்ல பெயரைப் பறித்தவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். பிலோமினா அக்காவால் எந்தக் குடும்பமும் புண்படவில்லை. அந்தக் கடிதம் பொய். எழுதியவன் நான்.

யாரையோ நோகடித்துவிட்டோமோ என்ற சந்தேகம் மட்டுமே போதும், நடக்க முடியாத உடம்போடு அவர்கள் வீட்டைத் தேடிப் போகத் தயாராகும் ஒரு மனதை நான் பார்த்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அதுதான். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டு, "விசாரிக்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.