இடுப்பு உயரத்தில் ஒரு மஞ்சள் பட்டை

1. ஒன்றே கால் மணி

அந்த ஈரோட்டுத் தம்பதி ஒரு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒன்றே கால் ஆகியும் அவர்களுடைய கார் சாவி மஞ்சள் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் நடைப் பூங்காவின் கவுண்டரில் ஒரு பலகை உண்டு. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று ஆணி. நடக்கப் போகிறவர்கள் வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எந்த வழியில் போகிறார்களோ அந்த நிற ஆணியில் மாட்டுவேன். சாவி தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். நோட்டில் பெயர் எழுதி டிக் அடிப்பதெல்லாம் மறந்து போகும். சாவியை மறந்துவிட்டு யாரும் ஊர் போய்ச் சேர முடியாது.

எனக்குக் கவலை இயல்பிலேயே அதிகம். கவலைப்பட ஒன்றும் இல்லையென்றால் அதற்கும் சேர்த்துக் கவலைப்படுகிற ஆள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அன்றும் பன்னிரண்டரையிலிருந்தே பலகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மலையில் எங்களுக்கு மேலே இருக்கிற எஸ்டேட்டின் மேல் டிவிஷனிலிருந்து, அங்கே கணக்கெழுதுகிற ரைட்டர் போன் செய்தார்.

"அக்கா, இங்க மழை ஊத்து ஊத்துன்னு ஊத்துதுங்க. அரை மணி நேரமா உடலீங்க. பள்ளத்துல ஆளிருந்தா சீக்கிரம் மேல ஏத்தீருங்க."

மேல் டிவிஷனில் பெய்கிற தண்ணீர் எங்கள் பள்ளத்து ஆற்றுக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அதில் பாதி போய்விட்டது. எங்களுக்கோ ஒரு சொட்டு மழையில்லை, வெறும் மூட்டம்தான். பள்ளத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு மேலே மழை பெய்வது தெரியவே தெரியாது.

2. நான் கொடுத்த வழி

நான் இருபத்திரண்டு வருடம் வெள்ளக்கடை என்ற மலையூருக்கு அந்தப்பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஃபீல்டு ரைட்டராக இருந்தவள். எஸ்டேட்டுக்குக் கீழே ஒரு ஆழமான பள்ளம். அதில் கூட்டாறு ஓடுகிறது. முதலாளி அந்தப் பள்ளத்தை நடைப் பூங்காவாக்கியபோது, வழியெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னையே பிடித்துக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். மூன்று வழிகளையும் தேர்ந்தெடுத்தது நான். மரத்துக்கு மரம் பெயின்ட் அடித்ததும் நான்.

பச்சை வழி காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம். மஞ்சள் வழி பள்ளத்தின் விளிம்பை ஒட்டிப் போய், அருவி தெரிகிற பாறை வரைக்கும் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம். சிவப்பு வழி ஆற்றுக்கே இறங்குவது. அதற்கு எங்கள் ஆள் கூட வராமல் யாரையும் விடமாட்டோம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அழகான இடத்தைத் தேடித்தான் வழி போடுவார்கள். அது பாதி வேலை. காட்சி நன்றாக இருக்கிற இடத்தில் மனிதர்கள் காலைப் பார்த்து நடக்க மாட்டார்கள், போட்டோ எடுக்கப் பின்னால் வேறு நகர்வார்கள். அதனால் அருவி கண்ணில் படுகிற இடத்தில் தரை சமமாக, முன்னும் பின்னும் பத்தடி இருக்க வேண்டும். அந்தப் பாறையைப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

யாருக்கு எந்த வழி என்பது அடுத்த வேலை. முதலில் செருப்பைப் பார்ப்பேன். பிறகு முழங்காலைப் பற்றிக் கேட்பேன். நம் ஆட்கள் முழங்காலைப் பற்றி உண்மையே சொல்வதில்லை. "பழனிக்கு நடந்தே போனவங்க நாங்க" என்பார்கள். எந்த வருடம் போனார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அன்று காலை பதினொரு மணிக்கு வந்தவர்கள் சண்முகமும் அவர் மனைவி மல்லிகாவும். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. நான் அந்த அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டேன். பதில் சொன்னது சண்முகம்.

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லா நடப்பா. அருவி பாக்கோணும்னுதான் இத்தன தூரம் வந்தோம். மஞ்சளே குடுங்க."

அந்த அம்மா சிரித்தார். ஆனால் காரிலிருந்து வரும்போது எங்கள் வாசல்படியில் அவர் ஒருக்களித்துக் கால் வைத்து ஏறியதை நான் பார்த்திருந்தேன். முழங்கால் நோவு உள்ளவர்கள்தான் அப்படி ஏறுவார்கள். பார்த்தும், பச்சை வழிதான் என்று அடித்துச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் முகம் சுருங்குமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

எல்லோருக்கும் சொல்வதை மட்டும் சொன்னேன்: "மஞ்சள் பட்டை தெரியற வரைக்கும் நடங்க. பட்டை தெரியலைன்னா ஒரு அடி கூட எடுத்து வைக்காதீங்க. அங்கயே உக்காந்துக்குங்க. நான் வந்து கூட்டிக்கிறேன்."

3. என் கையெழுத்து

வழியில் புல் செதுக்கிச் சீராக வைக்கிற ஆள் அண்ணாமலை. மாரமங்கலத்துக்காரர், நாற்பது வயது, ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேச மாட்டார். மேல் டிவிஷன் போன் வந்ததும் அவரை அருவிப் பாறைக்கு ஓடச் சொன்னேன். முக்கால் மணி நேர வழியை எப்படித்தான் ஓடினாரோ, இருபது நிமிடத்தில் அங்கிருந்து போன் வந்தது.

"அக்கா, பாறையில யாருமில்லீங்க. வர்ற வழியிலயும் இல்லீங்க."

"சத்தம் போட்டுப் பாத்தீங்களா?"

"தொண்ட கட்டிப் போச்சுங்க."

பூங்கா மேனேஜரிடம் சாவிப் பலகையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஸ்டோரிலிருந்து நைலான் கயிற்றை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். பாறைக்குப் பாதி வழியில் பாதை இரண்டாகப் பிரியும். அங்கே அண்ணாமலை எனக்காக நின்றிருந்தார். வலது பக்கம் அருவிப் பாறைக்கு. இடது பக்கம் பழைய வெட்டுப்பாதை, சரிவில் இறங்கி ஆற்றங்கரையில் முடிந்துவிடும். வலது பக்கத்துக்கு அடையாளமாக நான் பட்டை போட்ட ஒரு சில்வர் ஓக் மரம் முனையிலேயே நிற்க வேண்டும். மரத்தைக் காணோம்.

"முந்தாநேத்துக் காத்துல முறிஞ்சு உழுந்துருச்சுங்க. வழிய மறிச்சுக் கெடந்துச்சு. அறுத்து ஓரமாப் போட்டுட்டேன்" என்றார் அண்ணாமலை. வழி எது என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த மரம் போனால் வேறு யாருக்கும் தெரியாது என்பது எங்கள் இருவருக்கும் தோன்றியிருக்காது.

இடது பக்கம் பார்த்தேன். அந்த வாரம்தான் களை வெட்டியிருந்தார்கள். புதர் இல்லாமல் சரிவு பளிச்சென்று கிடந்தது. மூட்டத்துக்குள் பத்தடி தள்ளி ஒரு சில்வர் ஓக். அதன் இடுப்பு உயரத்தில் ஒரு மஞ்சள் பட்டை. அதற்குக் கீழே 17 என்று எண். ஏழின் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. ஏழுக்குக் கோடு போடுவது என் பழக்கம்.

கிட்டப் போய் அந்த எண்ணைத் தடவிப் பார்த்தேன்.

பல வருடங்களுக்கு முன்னால் காப்பிச் செடிகளுக்கான நிழல் மரங்களைக் குறைப்பதற்காக அந்தச் சரிவில் முப்பத்தெட்டு மரங்களுக்கு வெட்டுக் குறி போட்டேன். வெட்டுவது பிறகு நின்றுபோனது. குறிகள் புதருக்குள் மறைந்தே போயின. பூங்காவுக்கு வழி போட்டபோது ஸ்டோரில் கிடந்த அதே மஞ்சள் எனாமல் பெயின்டைத்தான் எடுத்தேன். எஸ்டேட் ஆட்களுக்கு இதில் குழப்பமே வராது. இடுப்பு உயரத்தில் எண்ணோடு இருந்தால் அது வெட்டு. கண் உயரத்தில் எண் இல்லாமல் இருந்தால் அது வழி. எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஈரோட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்கு மஞ்சள் என்றால் மஞ்சள். எண் போட்டிருந்தால் இன்னும் நம்பிக்கைதான் வரும்.

"இந்தப் பக்கம் எறங்கீட்டாங்க" என்றேன்.

18, 19, 20. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே இறங்கினோம். எல்லாம் என் கையெழுத்து, ஒன்றுகூட அழியவில்லை. நல்ல எனாமல் என்று அன்று ஸ்டோர்காரரிடம் நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் வந்து என்னைக் கொன்றது. இருபத்தைந்தாவது மரத்தில் ஆற்றின் சத்தம் மாறிவிட்டது. வழக்கமாகச் சலசலக்கிற இடத்தில் இப்போது ஒரே இரைச்சல். அந்த அம்மாவின் முழங்காலை நினைத்தேன். கடைசி மூன்று மரங்கள் ஒரு கிளை ஓடைக்கு அந்தப்பக்கம் நிற்கின்றன. வருடத்தில் பத்து மாதம் அது வெறும் கல்.

4. கிளை ஓடை

அன்று அது வெறும் கல்லாக இல்லை. ஓடையின் தலை மேல் டிவிஷனில்தான் இருக்கிறது. செம்மண் தண்ணீர் முழங்காலுக்கு மேல் உருட்டிக்கொண்டு போனது. அந்தப்பக்கம் முப்பத்தெட்டாம் எண் மரத்தடியில், இலைச்சருகின் மேல் துப்பட்டாவை விரித்து மல்லிகா உட்கார்ந்திருந்தார். சண்முகம் பக்கத்தில் நின்றுகொண்டு, பத்தடி கீழே பொங்கிக்கொண்டிருந்த ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். எங்களைக் கண்டதும் அந்த மனிதர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

உயிரோடு இருக்கிறார்கள் என்று கண்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னும் பயம்தான் அதிகமானது. இனிமேல் ஏதாவது ஆனால் அது என் கண் முன்னால்தான் ஆகும்.

அண்ணாமலை கயிற்றை முப்பத்தைந்தாம் எண் மரத்தில் கட்டி, மறுமுனையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அக்கரையில் முப்பத்தாறில் இழுத்துக் கட்டினார். நான் நடு ஓடையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாமலை முன்னால், மல்லிகா நடுவில், சண்முகம் பின்னால். என் அருகில் வந்தபோது அந்த அம்மாவுக்குக் கால் மடங்கியது. அவர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தேன். என் தோளில் அவர் நகம் பதிந்தது. பத்தடி ஓடையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் ஜெபம் செய்யக்கூட மறந்துபோனேன்.

மேட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது மல்லிகா சொன்னார்: "முப்பத்தெட்டுக்கு அப்பறம் மஞ்சளக் காணமுங்க. எங்கூட்டுக்காரரு ஆத்தத் தாண்டுனா அந்தப்பக்கம் இருக்கும்னாரு. அப்பத் தண்ணி கணுக்காலுக்குத்தான் இருந்துச்சு. நாந்தான் வல்லீன்னுட்டேன். பட்டை தெரியலீன்னா உக்காரச் சொன்னீங்கல்ல, உக்காந்துட்டேன். முட்டியில ஆபரேசன் பண்ணது வேற நொம்ப வலிச்சுதுங்க."

"ஆபரேஷனா? காலையில கேட்டப்ப ஏனுங்க சொல்லல?"

"நீங்க என்னையப் பாத்துக் கேட்டீங்க. பதில அவருகிட்டக் கேட்டுக்கிட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

5. பதிவேடு

ஆபீசில் இருவருக்கும் போர்வையும் காப்பியும் கொடுத்தோம். மேனேஜர் சென்னைக்காரர், நல்ல பையன்தான், பயந்துபோயிருந்தார். வழியிலிருந்து நான் போனில் சொன்னதை வைத்து, நாங்கள் வருவதற்குள் பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டார்: 'விருந்தினர் குறிக்கப்பட்ட வழியை விட்டு விலகிச் சென்றனர்.'

சண்முகம் அதைப் படித்துவிட்டார். "விலகலீங்க. பட்டையப் பாத்துப் பாத்துத்தான் போனோம். யாருங்க அந்தப் பட்டையெல்லாம் போட்டது?"

"அது ரொம்பப் பழசு சார். யாரோ மர கான்ட்ராக்டர் ஆளுங்க போட்டதா இருக்கும்" என்றார் மேனேஜர், என் பக்கம் பார்க்காமல்.

சும்மா இருந்திருக்கலாம். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு கதியில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அத்தோடு முடிந்துவிடும். ஆனால் காலையில் ஒருமுறை வாயை மூடிக்கொண்டதன் பலனை அப்போதுதான் தண்ணீருக்குள் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"நான்தானுங்க போட்டேன். வழிக்குப் போட்ட மஞ்சளும் நான்தான், வெட்டுக்குப் போட்ட மஞ்சளும் நான்தான். நீங்க விலகலீங்க. நான் எழுதி வெச்சபடியே போயிருக்கீங்க."

மேனேஜர் எழுதியதை அடித்துவிட்டு, அதன் கீழே நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சண்முகம் கத்துவார் என்று நினைத்தேன். அவர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம் திரும்பி, "மல்லிகா, காலையில நானும் உன்னையக் கேக்காமச் சொல்லிட்டேன்" என்றார். மல்லிகா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பட்டையையெல்லாம் அழிச்சிருவீங்கல்லங்க?"

"இன்னைக்கே அழிச்சிடறேனுங்க."

அந்த நாளுக்குப் பிறகு இரண்டு விஷயங்களை மாற்றிக்கொண்டேன். யாருடைய முழங்காலோ அவர் வாயிலிருந்துதான் பதிலை வாங்குகிறேன். பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொண்டால், "நீங்க கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிடுகிறேன். முகம் சுருங்குகிறவர்கள் சுருங்கட்டும். இன்னொன்று, புது வழி போட்டாலும் பழைய வழியில் ஒரு மரம் விழுந்தாலும் நானோ அண்ணாமலையோ நடந்து பார்த்து 'சரி' சொல்வதில்லை. எஸ்டேட்டே தெரியாத ஒருவரை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் போகிறேன். வாயைத் திறக்கக் கூடாது. அவர் தயங்குகிற இடத்தில் எல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும். அந்த இடங்களைத்தான் எழுதிக்கொள்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள்: வழி தெரிந்தவருக்கு வழியில் இருக்கும் தப்பு தெரியாது.

அன்று சாயங்காலம் கம்பி பிரஷ்ஷும் கொடுவாளும் எடுத்துக்கொண்டு நானும் அண்ணாமலையும் திரும்ப இறங்கினோம். மேலிருந்து ஒவ்வொரு மரமாகப் பட்டையைச் சுரண்டிக்கொண்டே போனோம். முப்பத்தைந்து வரைக்கும் முடித்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. ஓடை இன்னும் இறங்கவில்லை. அக்கரையில் மூன்று மரங்கள் பாக்கி. எனக்குத் தோள் கழன்றுவிடும் போல இருந்தது.

"அது கெடக்குதுங்கக்கா. இங்கயே எல்லாத்தையும் அழிச்சாச்சு. அந்த மூணுக்கு இனி யாருங்க வரப்போறாங்க?" என்றார் அண்ணாமலை.

"இன்னைக்குக் காலையில கேட்டிருந்தாலும் நாம இதையேதான் சொல்லியிருப்போம்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் ஓடை வடிந்திருந்தது. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அண்ணாமலை அக்கரையில் முப்பத்தெட்டாம் மரத்தடியில் மண்டி போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார்.