பதினாலாவது குழி

ஆச்சிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று சிரித்தவர்களிடம் என் இடது மணிக்கட்டைக் காட்டினேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கீழப்பாவூருக்கு மேற்கே ஒரு கல் குவாரி. போன மாசியில்தான் அங்கே சாப்பாடு கொண்டுபோக ஆரம்பித்தேன். அன்று செவ்வாய்க்கிழமை, பகல் 1.05. தூக்குவாளியோடு பள்ளத்தில் இறங்கியிருந்தேன். வெடிக்கு முன்னால் ஊதுகிற சங்கு ஊதிவிட்டது. வெடி வைக்கிற இசக்கிதுரை ஓடி வந்து, கல் பறந்தால் ஒதுங்குகிற இரும்புக் கூண்டுக்குள் என்னைத் தள்ளினான்.

"பதினாலு குழியில மருந்து வச்சிருக்கு ஆச்சி. நான் கூப்பிடுத வரைக்கும் வெளிய வராதீய."

கதவைச் சாத்திவிட்டு அவன் அடுத்த கூண்டுக்கு ஓடினான்.

உள்ளே கும்மிருட்டு. கடிகார முள் மட்டும் மினுங்கியது. பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். வேலையாள் யாராவது ஒதுங்கியிருப்பான் என்று நினைத்தேன்.

1.12. டும்...

"ஒண்ணு" என்றது ஒரு ஆண் குரல், என் காதோரம்.

டும்...

"ரெண்டு."

நிதானமாக எண்ணிக்கொண்டே போனது. பதிமூன்றில் நின்றது.

பிறகு சத்தமே இல்லை.

1.18. முடிஞ்சிட்டு, வாங்க ஆச்சி என்று இசக்கிதுரை கூப்பிட்டான். கதவைத் தள்ளினேன். அசையவில்லை. என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஐஸ் மாதிரி... மூன்று விரல்தான் பட்டது.

"எக்கா, ஒண்ணு பாக்கி இருக்கு."

வெளியே இசக்கிதுரையின் செருப்புச் சத்தம் பாறைப் பக்கம் போனது. அவன் பெண்டாட்டி நிறைமாசம்.

தூக்குவாளியால் இரும்பில் அடித்தேன்.

"ஏலே இசக்கிதுரை, போவாதலே. ஒண்ணு வெடிக்கல."

செருப்பு நின்றது.

கூண்டை நோக்கித் திரும்பி வந்தது.

டும்...

மேலே கல் மழை.

"பதினாலு."

பிடி விட்டது. கதவு தானாகத் திறந்தது. திரும்பிப் பார்த்தேன்.

யாருமில்லை.

கூண்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்த இசக்கிதுரை எழுந்து வந்தான். எப்படித் தெரிந்தது என்று கேட்டான். ஒவ்வொன்றாகத்தானே வெடித்தது, எண்ணினேன் என்றேன். அவன் முகம் வெளுத்தது. வெடி வைப்பதில் இப்போது புது முறையாம். மருந்தும் மிச்சம், கல்லும் அவ்வளவாகப் பறக்காது. கண் இமைப்பதற்குள் எல்லாக் குழியும் ஒரே இரைச்சலாக வெடித்துவிடும். மனுசக் காதால் எண்ணவே முடியாது. ஒன்றொன்றாக எண்ணியதெல்லாம் பழைய முறையாம்.

மணிக்கட்டைக் காட்டினேன். மூன்று விரல் தடம், நீலமாக.

குனிந்து விரல் தடங்களை எண்ணினான்.

"எனக்கு முன்னால இங்க வெடி வச்ச தில்லைநாயகம் அண்ணாச்சி இந்தக் கூண்டுக்குள்ள இருந்துதான் எண்ணுவாரு. போன வருசம் ஒண்ணு தப்பா எண்ணிட்டு வெளிய வந்துட்டாரு. பாறையில தேடித் தேடிப் பொறுக்குனோம் ஆச்சி... வலது கையில மூணு வெரல்தான் கெடச்சிது."