நூல் அக்காவும் ஐந்து வருட அட்டையும்

“நூல் தட்டுப்படுதா?” என்று கேட்டபடியே நர்ஸ் அக்கா குழாயைத் திறந்து முழங்கை வரை சோப்பு போடுகிறார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து “ம்ம்” என்று ஓர் இழுப்பு வருகிறது. “இந்த ம்ம்மெல்லாம் எங்கிட்ட வேணாம். உன் உடம்பு, உன் விரல். இதுல என்னம்மா வெட்கம்? தட்டுப்படுதா, இல்லையா?” “தட்டுப்படுதுக்கா” என்று இப்போது குரல் தெளிவாக வருகிறது. “அப்படிச் சொல்லு. இனிமே அப்பப்போ நீயே பாத்துக்கோ. இதுக்கு நான் எதுக்கு?”

குடும்ப நல மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாக நர்ஸ் வேலை. கருத்தடைக்காகக் கருப்பையில் காப்பர்-டி பொருத்தியபின் அதன் இரண்டு சின்ன நூல்கள் மட்டும் விரலுக்கு எட்டும். நூல் இருந்தால் அதுவும் தன் இடத்தில் இருக்கிறது என்று கணக்கு. அதை விசாரித்து விசாரித்தே ‘நூல் அக்கா’ என்று பெயராகிவிட்டது. ஒருமுறை பேருந்தில் ஒருத்தி அப்படிக் கூப்பிட, பக்கத்து இருக்கைக்காரர் “நூல் வியாபாரமா?” என்று கேட்டாராம். “ஆமாங்க, ரெண்டே ரெண்டு நூல்தான். ஆனா பத்து வருஷம் உழைக்கும்” என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். அவருடைய கணவர் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

யார் வந்தாலும் முதலில் மாதிரிக்கு வைத்திருக்கும் காப்பர்-டியை எடுத்து உள்ளங்கையில் போட்டுவிடுவார். “தொட்டுப் பாரு. இத்தனூண்டுதான்.” அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். “ஏறிப் போறதுக்கு உள்ள என்ன மாடிப்படியா கட்டி வெச்சிருக்கு?” என்பார். அதற்காகச் சர்க்கரை தடவியும் பேசமாட்டார். “முதல் மூணு மாசம் வயிறு வலிக்கும், தீட்டும் கூடுதலாப் போகும். தாங்க முடியலேன்னா வந்துடு. எடுன்னா எடுத்துடுவேன். ஏன்னு கேப்பேன், தடுக்க மாட்டேன்.” ஆனால் அந்த ‘எடு’ அவள் வாயிலிருந்து வரவேண்டும். கூடவந்து அவளுக்குப் பதிலாகப் பேசுகிற கணவன், மாமியார், நாத்தனார் எல்லாருக்கும் வாசலுக்கு வெளியே பெஞ்சு போட்டிருக்கிறது.

அக்காவின் ரத்தம் கொதிப்பது அட்டை விஷயத்தில்தான். கொதிக்காமல் என்ன செய்யும்? முன்பு ஐந்து வருடத்துக்கான காப்பர்-டி வந்துகொண்டிருந்தது. அது நின்று பத்து வருடத்துக்கானது வர ஆரம்பித்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் பொருத்திக்கொண்ட பெண்ணிடம் தேதி எழுதிக் கொடுத்தனுப்பும் அட்டைகள், ஐந்து வருடக் காலத்தில் அச்சடித்தவை, அலமாரி நிறைய மிச்சமிருந்தன. ‘ஐந்து வருடம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்’ என்று கொட்டை எழுத்தில். வீணாக்கக் கூடாது, தீரும்வரை அதையே எழுதிக் கொடுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அட்டைமேல் இருந்த அக்கறையில் பாதி பெண்கள்மேல் இருந்திருக்கலாம். பெட்டியில் பத்து, அட்டையில் ஐந்து. அக்கா இரண்டு முறை எழுதிக் கேட்டார். பதிலே இல்லை.

ஆடைத் தொழிற்சாலைத் தையல்காரி ஒருத்தி அந்த அட்டையோடு, ஐந்து வருடம் முடிந்த அன்றே ஒழுங்காக வந்து நின்றாள். அவளுக்கு இதயத்தில் வால்வு பழுது. இன்னொரு பிரசவம் உயிருக்கு ஆபத்து என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார். அட்டைப்படி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தது அக்காவின் கைதான். மாற்றிப் பொருத்தப் புதியது கையிருப்பில் இல்லை. “அடுத்த வாரம் வாம்மா” என்றார்கள். சரக்கு வந்தது இரண்டு மாதம் கழித்து. அவளும் வந்தாள், வாந்தி எடுத்துக்கொண்டே.

அந்தக் கர்ப்பத்தைத் தாண்டி உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் தையல் மெஷினில் உட்கார முடியாது, ஒரு மாடி ஏறினால் மூச்சு இரைக்கிறது. “நல்லா வேலை செஞ்சுக்கிட்டு இருந்ததை நான்தான் உருவினேன். தெரிஞ்சே உருவினேன். அப்போ ஏன் வாயை மூடிக்கிட்டு நின்னேன்?” என்று அக்கா இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறார். அன்றிலிருந்து, பொருத்திய ஒவ்வொன்றின் உறையிலிருந்தும் வருடம் அச்சிட்ட துண்டைக் கிழித்து, பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே ஒட்டிவைக்கிறார்.

போன புதன்கிழமை பேக்கரியில் மாவு பிசைகிற பெண் ஒருத்தி வந்தாள். மூன்று பிள்ளைகள். கையில் அதே அட்டை. “எனக்கு ஒரு தொந்தரவும் இல்லக்கா. தேதி வந்துடுச்சேன்னுதான் வந்தேன்.” டாக்டரம்மா சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நல்ல பெண்தான், ஆனால் தாளில் இருப்பதைத் தாண்டி ஓரடி வைக்கமாட்டார். அட்டையைப் பார்த்தார், ‘எடுக்கவும்’ என்று சீட்டில் எழுதினார்.

“எடுத்துட்டு வேற வைக்க நம்மகிட்ட இல்லியே டாக்டரம்மா.”

“வர்ற வரைக்கும் ஆணுறை குடுத்து அனுப்புங்க சிஸ்டர்.”

பரிசோதனைக் கட்டிலில் தயாராகப் படுத்திருந்த அந்தப் பெண்ணின் பக்கம் அக்கா திரும்பினார். “உன் வீட்டுக்காரர் போட்டுக்குவாராம்மா?”

“அவரா? குடிக்கிற டீக்கே சர்க்கரை நான்தான் போடணும்” என்று சிரித்தவள், சிரிப்பு நடுவிலேயே நின்றுபோய், “அக்கா, இன்னொண்ணு வந்தா என்னால முடியாதுக்கா” என்றாள்.

அக்கா பதிவேட்டைக் கொண்டுவந்து டாக்டரம்மாவின் மேசைமேல் விரித்தார். ஒட்டியிருந்த துண்டில் ‘பத்து வருடம்’ என்று தெளிவாக இருந்தது.

“அட்டையில ஐஞ்சுன்னு இருக்கே சிஸ்டர். நாளைக்கு மேல கேட்டா நான் என்ன சொல்றது?”

“அட்டையையா உள்ள வெச்சோம்?” அக்காவின் குரல் வராந்தா பெஞ்சு வரை கேட்டது. “இவ உடம்புல இருக்கறது இந்தத் துண்டுல இருக்கற சாமான். இன்னும் ஐஞ்சு வருஷம் அது இவளைக் காப்பாத்தும். ஏற்கெனவே ஒருத்தியை இதே அட்டையைப் பாத்துக் குட்டிச்சுவராக்கினோம். இவளுக்கு எடுக்க நான் இடுக்கியைத் தொடமாட்டேன். நீ இறங்கி உடுத்திக்கோம்மா.”

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தபடி கட்டிலிலிருந்து இறங்கினாள்.

அக்கா அவளுடைய அட்டையை வாங்கி, அச்சடித்த ‘ஐந்து’மேல் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் ‘பத்து’ என்று எழுதி, முடியும் தேதியையும் போட்டு, கீழே தன் முழுப்பெயரைக் கையெழுத்திட்டார். பிறகு டாக்டரம்மாவும் கையெழுத்துப் போட, அட்டையை அவர் முன்னால் நகர்த்திப் பேனாவை நீட்டினார். டாக்டரம்மா வாங்கவில்லை. கதவுக்கு வெளியே அடுத்த பெயரை யாரோ கூப்பிட்டார்கள், அக்கா நீட்டிய கையை மடக்கவே இல்லை.