வில்லன் முகத்தில் வெற்றிலைக் கறை

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பெருநகர் ரோட்டில் ஓடுகிற அரிசி மில் நான் கட்டியது. உத்திரமேரூரில் இரண்டு மாடி வீடு, நெல் அறுக்கும் மிஷின் இரண்டு, மூன்று பெண்களுக்கும் ஊர் பார்க்கக் கல்யாணம், எல்லாம் இந்தக் கையால் வந்தவை. பேங்கில் எனக்கு உட்கார நாற்காலி காட்டாத காலத்தில் ஆரம்பித்தவன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்றை இருபது வயதில் ஒரே பகலில் முடித்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு, பாதிப் பல் போன வாயில் பீடாவைப் போட்டு, புது வேட்டியில் வழிய விட்டுக்கொண்டேன். மருமகள் ஊதா பாட்டிலில் இருந்து எதையோ ஊற்றி மிஷினில் போட்டாள். வெளியே வந்த வேட்டியில் வாசனை மட்டும் மாறியிருந்தது. நான் பிரிட்ஜைத் திறந்து, மூன்று நாள் மோரை எடுத்துக் கறைமேல் ஊற்றினேன். "வூடே நாறுது மாமா" என்றாள். நாறட்டும். அந்தப் புளித்த வாடை என்னை நேராகச் செய்யாற்றங்கரைக்குக் கொண்டுபோய் விட்டது.

அப்போது அங்கே ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. கீற்றுக் கொட்டகை, கீழே ஆற்று மணல், ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். டிக்கெட் கிழிப்பதும் ஆட்களை நெருக்கி உட்கார வைப்பதும் என் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. படம் விழுந்தது காடாத் துணியில். மூன்று பட்டையைச் சேர்த்துத் தைத்து, மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கும். அதற்கு எட்டடி முன்னால் ஒரு கயிறு. அதைத் தாண்டி யாரையும் விடக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு.

ஒரு சனிக்கிழமை கூட்டம் தாங்கவில்லை. நான் கயிற்றை அவிழ்த்துத் திரைப் பக்கமாக நான்கடி தள்ளிக் கட்டினேன். அங்கே வந்து உட்கார்ந்தவள் பொன்னம்மா அக்கா. நடவு ஆட்களைக் கூட்டிப்போகிறவள், பேச்சில் கறார், வாயில் எந்நேரமும் வெற்றிலை. படத்தில் வில்லன், தூங்குகிற மனைவியின் தாலியைக் கழற்றிக்கொண்டு போகிறான். கொட்டகையே சாபம் விடுகிறது. அக்கா எழுந்து நின்று, வாயிலிருந்த மொத்தத்தையும் அவன் முகத்தைப் பார்த்துத் துப்பினாள்.

முதலாளி அக்காவை வெளியே அனுப்பிவிட்டுப் படத்தை ஓட்டினார். தாலி போனவள் முகத்திலும், அவள் குழந்தை முகத்திலும், கடைசியில் வந்த போலீஸ்காரர் முகத்திலும் அதே சிவப்பு வழிந்துகொண்டிருந்தது.

"கயித்த அவுத்தவன் நீதானே? நாளைக்கு ஆட்டத்துக்குத் தெர வெள்ளையா நிக்கணும். இல்லன்னா நீ இங்க நிக்காத" என்றார் முதலாளி.

விடிந்ததும் திரையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பம்ப்செட்டுக்குப் போனேன். ஒரு கட்டி சோப்பு கரைந்தும் கறை அசையவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. சுவர் அழுக்கானால் சுண்ணாம்புதானே அடிக்கிறோம்? ஒரு கொட்டாங்கச்சி சுண்ணாம்பைக் குழைத்துக் கறைமேல் பூசினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கோழி அறுத்த இடம் மாதிரி சிவந்தது. என் வேலையும் அதோடு போனது என்று வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பொன்னம்மா அக்கா வந்தாள். இடுப்பில் மோர்ச் சட்டி, மடியில் எலுமிச்சம்பழமும் கல்லுப்பும்.

"இன்னாடா பண்ணி வச்சிக்கீற?"

வெள்ளையடித்தேன் என்றேன். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தெனம் வெத்தலைல சுண்ணாம்பு தடவிக்கினு கீறனே, எதுக்குன்னு நெனச்ச? செவக்கறதுக்குத்தான்டா."

எனக்காகத்தான் வந்தாயா அக்கா என்று கேட்டேன். உன் மூஞ்சிக்காக யார் வருவார்கள் என்றாள். படம் முடிவதற்குள் வெளியே தள்ளிவிட்டார்கள், அந்த வில்லனுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லையாம். "போலீஸ் வந்து அவன..." என்று நான் ஆரம்பித்தேன்.

"சொல்லாத. என் கண்ணால பாக்கணும்."

அந்தப் பகல் வெளிச்சத்தில்தான் அக்காவின் கழுத்தைப் பார்த்தேன். வெறும் மஞ்சள் கயிறு, அதில் பொட்டுத் தங்கம் இல்லை. அதிலிருந்ததை எடுத்துக்கொண்டு அவள் புருஷன் பெங்களூர் பக்கம் போனவன், திரும்பவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

சுண்ணாம்பை அலசிவிட்டு, கறையை மோரில் ஊறப் போட்டோம். பிறகு உப்பை வைத்து எலுமிச்சை மூடியால் தேய்த்தேன். அலசு என்பாள், திரும்ப மோர் என்பாள், மறுபடி தேய் என்பாள். கட்டை விரல் இரண்டும் வெந்துபோயின. சிவப்பு செங்கல் நிறமானது, செங்கல் நிறம் மஞ்சளானது. உச்சி வெயிலில் ஆற்று மணலில் விரித்து, எலுமிச்சைத் தண்ணீர் தெளித்தபடி கூடவே நின்றேன். மஞ்சளை வெயில் தின்றுவிட்டது. கடைசியில் கொஞ்சம் நீலம், கொஞ்சம் வடிகஞ்சி. நான்கு மணிக்குத் திரை முறுக்காகக் காய்ந்து நின்றது.

முதலாளி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "உம்" என்றார். வேலை தப்பியது. ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் "புதுத் தெர வாங்கிட்டேன்" என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிரவு அக்கா வெற்றிலை போடாமல் வந்தாள். கயிற்றுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வில்லன் கையில் விலங்கு விழுந்தபோது கொட்டகை முழுவதும் கை தட்டியது. அக்கா தட்டவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். பம்ப்செட் தொட்டியில் வேலிக்கருவை முளைத்திருக்கிறது. அக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இப்போதெல்லாம் வில்லனைப் பார்த்து யாரும் துப்புவதில்லை, போனில் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறார்கள்.

நேற்று முதலாளியின் பேரன் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து காட்டினான். தாத்தா நினைவுக்காக அச்சடிக்கப் போகிறானாம். 'ஒரு நாள்கூட ஆட்டம் நிற்காத டாக்கீஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான். ஏன் நிற்கவில்லை? தம்பி, அச்சுக்குப் போகுமுன் அதன் கீழே ஒரு வரி சேர். யோசனையும் மோரும் பொன்னம்மாவுடையவை என்று முதலில் போடு. தேய்த்தவன் நான் என்று அடுத்துப் போடு. எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, என் பேர் இருக்க வேண்டும்.