மேல் டிவிஷன் கோச்சி

எங்கள் பக்கம் கோச்சி ஓடாது. வெள்ளைக்காரன் காலத்தில் யட்டியாந்தோட்டை வரைக்கும் சின்ன ரயில் பாதை ஒன்று வந்ததாம். தண்டவாளத்தைக் கழற்றி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், நாங்கள் குடியிருந்த தோட்ட லயத்துக்குப் பின்னால் சிவப்புக் கோச்சி ஒன்று ஓடியது. அந்தப் பாதையைப் போட்டது என் அக்கா.

பஜாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடந்தது. அக்காவும் நானும் ஒன்றாகச் சேர்ந்திருந்தோம். பாடம் முடிந்தால், படிப்பிக்கும் சேர் அரை மணி நேரம் விளையாட விடுவார். மற்றவர்கள் கார் ஓட்டினார்கள். அக்கா மட்டும் கோச்சி விளையாட்டைத் திறந்து, அதில் வெறும் பச்சை நிலத்தை எடுத்து, மலை எழுப்பி, ஆறு வெட்டி, தண்டவாளம் பதித்தாள். பஜாரில் புறப்பட்டு, பாலத்தில் களனி கங்கையைத் தாண்டி, றப்பர் மலையில் ஏறி, கோயிலை ஒட்டி எங்கள் லயத்துக்குப் பின்னால் வந்து, ஒரு குகைக்குள் புகுந்து திரும்பவும் பஜாருக்கே வரும் பாதை அது. விளையாட்டில் றப்பர் மரம் கிடையாது. ஏதோ குளிர்நாட்டு மரத்தைத்தான் தோட்டத்தில் இருப்பது போலவே வரிசை பிடித்து நட்டாள். ஒரு மரம் வரிசை தப்பினாலும் பிடுங்கி மறுபடி நடுவாள். கங்காணி வேலைக்குப் போயிருக்க வேண்டியவள் என்று நான் கேலி பண்ணுவேன்.

கிளாஸ் முடிந்து பஸ்ஸில் இறங்கி நடக்கும்போது றப்பர் காட்டுக்குள் பனி இறங்கியிருக்கும். இலை ஆடாது. அந்த நேரத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கம் கோச்சி போகிற சத்தம் எனக்கு உண்மையாகவே கேட்கும். அக்காவிடம் சொன்னால், தனக்கும்தான் கேட்கிறது என்பாள். பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் நின்று கேட்போம்.

அடுத்த வருஷம் அக்கா வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். அதற்கு முந்தின ஞாயிறு, அந்தக் கோச்சிப் பாதை லேஅவுட்டை மெஷினிலும் ஒரு பிளாப்பியிலும் சேவ் பண்ணிவிட்டு, பிளாப்பியை என் கையில் தந்தாள்.

“நான் வர்ற வரைக்கும் இத யாரும் மாத்தாம பாத்துக்க தங்கச்சி. வந்து இன்னும் கொஞ்ச தூரம் போடணும்.”

இரண்டு வருஷ ஒப்பந்தம். எனக்கு அதைவிடப் பெரிய வேலை உலகத்தில் இல்லை. ஞாயிறு தவறாமல் போய், லேஅவுட்டைத் திறந்து, கோச்சியை ஒரு சுற்று ஓடவிட்டு, எதையும் தொடாமல் மூடுவேன். அக்கா மாதம் ஒரு தடவை பஜார் கடைக்குப் போன் எடுப்பாள். அம்மா பேசி அழுது முடித்து என்னிடம் தரும்போது நேரம் ஆகிவிடும். லேஅவுட்டைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த கிளாஸில் ஆள் பேரில் போல்டர் கிடையாது. பஜாரில் எங்களை யாரும் பேர் கேட்பதில்லை. எந்தத் தோட்டம், அதில் எந்த டிவிஷன் என்றுதான் கேட்பார்கள். சேரும் அப்படியே வைத்திருந்தார். மெஷினில் இடமும் குறைவு என்பதால் ஒரு டிவிஷனுக்கு ஒரு லேஅவுட்தான். எங்களுடையது ‘மேல் டிவிஷன்’. அங்கிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டுமே படித்ததால் நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

பிறகு எங்கள் டிவிஷன் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் கிளாஸுக்கு வரத் தொடங்கினார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஒரு ஞாயிறு நான் போய்த் திறந்தபோது குகையைக் காணவில்லை. பாதை மலையைவிட்டுக் கீழே இறங்கி, பிள்ளைக் காம்பரா வாசலில் புது ஸ்டேஷன் ஒன்றில் நின்றது. பாதி மரங்களும் இல்லை. எல்லாம் சேவ் ஆகியிருந்தது.

பக்கத்தில் இருந்த ஆயா என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்ச் சொன்னார்: “டிவிஷன் கோச்சிதானே, எல்லாருக்கும் பொதுன்னு நெனச்சேன். பிள்ளைங்க ஏறட்டுமேன்னு போட்டேன்.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டிவிஷனில் மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரும் கோயிலும் பொதுதானே. எனக்கு அன்றைக்கு அது மண்டையில் ஏறவில்லை. அவர் கண் முன்னாலேயே அந்த ஸ்டேஷனை அழித்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பிளாப்பி இருக்கிறதே என்று ஓடினேன். அம்மாவின் பெட்டியில் சேலைக்கு நடுவே வைத்திருந்தேன். எங்கள் பக்கத்து மழைக்குத் தோல் செருப்பே பூஞ்சணம் பூத்துவிடும், பிளாப்பி எம்மாத்திரம். சேர் போட்டுப் பார்த்தார், கறகறவென்று சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஞாபகத்திலிருந்து கட்டினேன். பாலத்துக்கு எத்தனை தூண், குகை கோயிலுக்கு முன்னாலா பின்னாலா, ஒரு வரிசையில் எத்தனை மரம். கண்ணை மூடினால் எல்லாம் தெளிவாகத் தெரியும், திறந்தால் கலைந்துவிடும். எட்டு மாதம் ஞாயிறு ஞாயிறாகப் போட்டேன். கடைசியில் எது அவள் போட்டது, எது நான் கனவில் கண்டது என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா வந்தாள். இளைத்திருந்தாள். யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்து நின்றாள். மூன்றாவது ஞாயிறு அவளைக் கிளாஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே மழை. லேஅவுட்டைத் திறந்து கோச்சியை விட்டேன். அது பாலத்தைத் தாண்டியது, மரங்களுக்குள் ஏறியது, எங்கள் லயத்தைக் கடந்தது. எங்கே வித்தியாசம் என்று கண்டுபிடித்துவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

“அழகா இருக்கு,” என்றாள். “யாரு செஞ்சது?”

அவள் மறந்துவிட்டாளா, நான்தான் அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றிக் கட்டிவிட்டேனா என்று இன்று வரைக்கும் தெரியாது. கோபமும் வந்தது. இதற்காகவா இரண்டு வருஷம் காவல் காத்தேன்? நான்தான் செய்தேன் என்று வெடுக்கென்று சொன்னேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒனக்கு ஞாயித்துக்கெழம இருந்திச்சில்ல தங்கச்சி. அங்க எனக்கு எது ஞாயிறுன்னே தெரியாது.”

குறையாகச் சொல்லவில்லை. ஊர்ச் சேதி சொல்வது போலத்தான் சொன்னாள். நான் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவள் வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டுதானே இருந்தோம்.