பயிற்சி நாற்காலி

நர்ஸம்மாவுக்குத் தொண்டை பெரியது. பள்ளிக்கூடத்தின் மேல்மாடிக் கூடத்தில் அவர் வகுப்பு எடுத்தால், கீழே நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் எனக்கு வார்த்தை பிசகாமல் கேட்கும். "சுத்தி வளைக்காதீங்க! 'செத்துப் போயிடலாம்னு தோணுதா'ன்னு நேரா கேளுங்க! கேட்டதால யாரும் சாக மாட்டாங்க. கேக்காம விடுறதுதான் ஆபத்து!" பிள்ளைகள் ஓடியாடும் கட்டடத்தில் இப்படியொரு வாக்கியம் சத்தமாகக் கேட்கிறதே என்று முதலில் நூலகக் கதவைச் சாத்திவிடுவேன். நாளாக ஆக, மணிச்சத்தம் போல அதுவும் பழகிவிட்டது. பழகிப்போவது எவ்வளவு மோசமான காரியம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவர் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தவர். சாகத் துணிந்து நினைவிழந்து கிடக்கும் பிள்ளைகளை உள்ளே தூக்கி வருவார்கள். வெளியே பெஞ்சில் பெற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: "நேத்துகூட நல்லாத்தான் சிரிச்சிட்டிருந்தா சிஸ்டர்." அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கு வெறுத்துப்போனது. "பெஞ்சுக்கு வந்து உக்கார்றதுக்கு முன்னாடியே இவங்களப் பிடிக்கணும்" என்று வேலையை உதறிவிட்டு, இளம் பிள்ளைகளின் மனநல முதலுதவிக்குப் பயிற்சியாளராகப் படித்துத் தேறி வந்தார். கணவர் கப்பலில் மெக்கானிக். வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பவர். வீட்டில் நர்ஸம்மாவும் பதினோராம் வகுப்பு படிக்கும் மகளும் மட்டும்தான்.

சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வகுப்பு. வேன் டிரைவர், பி.டி. மாஸ்டர், தையல்காரம்மா, எதிர்க்கடை மளிகைக்காரரும் அவர் மனைவியும், பிறகு பெற்றோர் சிலர். ஞாயிற்றுக்கிழமை பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒருவருக்கொருவர் கை கொடுப்பது எப்படி என்று. தலைமையாசிரியை சுற்றறிக்கை விட்டதால் நானும் போனேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். பிள்ளைகளின் மனசைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித் தருவது என்ற எண்ணம்தான்.

அவர் முறை இதுதான். கூடத்தின் முன்னால் இரண்டு நாற்காலி. "எதிரெதிரா போடாதீங்க, போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். கொஞ்சம் பக்கவாட்டுல போடுங்க" என்பார். ஒன்றில் மனம் நொந்த பிள்ளையாக ஒருவர் நடிக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் கதை ஒரு சிறிய அட்டையில் இருக்கும். மற்றொன்றில் பயிற்சிக்கு வந்தவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும், கடைசியில் அந்த நேரான கேள்வியைக் கேட்க வேண்டும். "ஆமா" என்று பதில் வந்தால் என்ன சொல்வது என்பதும் அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது: நீ சொன்னது ரொம்ப நல்லது. நான் உன்கூட இருக்கேன். நாம சேர்ந்து ஒரு டாக்டரப் பாப்போம்.

நடித்து முடித்தவர் அப்படியே எழுந்து போய்விட முடியாது. வேஷம் கலைக்க வேண்டும். எழுந்து நின்று, தான் யார், காலையில் என்ன செய்தோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "சட்டைய மாட்டினா கழட்டிட்டுத்தான் போகணும். அடுத்தவங்க துக்கத்த மாட்டிக்கிட்டே வீட்டுக்குப் போகக் கூடாது" என்பார் நர்ஸம்மா. மளிகைக்காரர் எழுந்து நின்றார். "நான் அந்தப் பையன் இல்ல. நான் மளிகைக்கடைக்காரன். காலைல டாக்டர் வேணாம்னு சொன்ன முட்டையத் திருட்டுத்தனமா சாப்ட்டேன்." அவர் மனைவி பின்வரிசையிலிருந்து எழுந்தார். கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

ஆனால் பெரியவர்களுக்கு நடிப்பு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் இளித்தார்கள். அதனால் நர்ஸம்மா மகளைக் கூட்டி வந்தார். வந்தது தெரியாமல் வருவாள், போனது தெரியாமல் போவாள். அதனால் பள்ளியில் எல்லோருக்கும் அவள் பூனை. வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பூனை முதலில் அட்டையைப் பார்த்துப் படித்தாள். பிறகு அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு பேசினாள். அப்புறம் அட்டையே இல்லை. "ராத்திரி தூக்கம் வராது. காலைல எந்திரிக்க முடியாது. சாப்பாடு வாயில மண்ணு மாதிரி இருக்கு. எல்லாரும் பேசறது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து கேக்கற மாதிரி இருக்கு." முரட்டு வேன் டிரைவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். பி.டி. மாஸ்டர் விசில் அடிக்காத குறை. "அடேங்கப்பா, என்னா நடிப்பு! சினிமாவுக்கு அனுப்புங்க சிஸ்டர், கொடி கட்டிப் பறப்பா!" எல்லோரும் கை தட்டுவோம். நர்ஸம்மா பெருமையோடு தானும் தட்டுவார். "சரி சரி, எந்திரி, எல்லாருக்கும் டீ எடுத்துக் குடு." வேஷம் கலைக்கச் சொன்னதே இல்லை. வீட்டுப் பிள்ளைதானே, அவளுக்கு எதற்கு அந்தச் சடங்கெல்லாம்! பூனை எழுந்து, அதே முகத்தோடு டீத் தட்டை நீட்டிக்கொண்டு வருவாள். அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ ஒரு மாதிரி இருக்கும். நன்றாக நடிக்கிறாள், அதுதான் மனசைப் போட்டுப் பிசைகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பூனையின் வகுப்பில் ரேடியோ என்று ஒரு பெண். பேச்சை நிறுத்தவே தெரியாதவள். இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடப்பார்கள். ரேடியோ பேசிக்கொண்டே போவாள், பூனை கேட்டுக்கொண்டே போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வகுப்பில் பூனையோடு பயிற்சி செய்யும் முறை ரேடியோவுக்கு வந்தது. நான் நூலகத்தில் வருடக் கடைசிக் கணக்கெடுப்பில் இருந்தேன். பயிற்சி முடிந்து மேலே கைதட்டல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரேடியோ என் மேஜை முன்னால் வந்து நின்றாள். நின்றாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. ரேடியோ பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"என்னடி, பேட்டரி தீந்துடுச்சா?" என்றேன்.

"மிஸ், பூனை நடிக்கல."

"என்ன சொல்ற?"

"'என் கலர் பேனாவெல்லாம் ஃப்ரெண்டுக்குக் குடுத்துட்டேன், இனிமே எனக்கு எதுக்கு'ன்னு நாற்காலியில உக்காந்து சொன்னா மிஸ். அது அட்டையில இல்ல." அவள் பையைத் திறந்தாள். உள்ளே பூனையின் பேனாக்கள் முழு டப்பாவாக இருந்தன. அந்த டப்பாவைத் தொடக்கூட யாரையும் விடாதவள் பூனை. "புதுசு வாங்கப் போறேன்னு சொல்லித்தான் எனக்குக் குடுத்தா. நானும் ஜாலியா வாங்கிட்டேன் மிஸ்."

"அவ அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சிரிச்சாங்க. 'பாத்தியா, உன்னையே ஏமாத்திட்டா'ன்னாங்க. அதுக்கு முன்னாடி நான் பூனைகிட்ட, எல்லாரும் வேஷம் கலைக்கறாங்களே, நீ மட்டும் ஏன்டி கலைக்கறதில்ல, 'நான் அந்தப் பொண்ணு இல்ல'ன்னு சொல்லுடின்னேன். வாயத் தொறந்தா மிஸ். 'நான்'னு சொன்னா. அதுக்கு மேல வரல. 'டீ ஆறிடும்'னு போயிட்டா." ரேடியோ பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஒரு பெரியவங்க கேக்கலன்னா விடாதீங்க, இன்னொரு பெரியவங்ககிட்ட போங்கன்னு ஆன்ட்டிதான் சொல்லிக் குடுத்தாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

நான் படியேறினேன். ரேடியோ பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள். மற்ற பிள்ளைகள் எல்லோரும் போயிருந்தார்கள். நர்ஸம்மா நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். பூனை மூலையில் டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ரகசியக் குரலில்தான் ஆரம்பித்தேன். நர்ஸம்மாவின் முகம் சிவந்தது.

"ஏம்மா லைப்ரரி, ஊருக்கே நான் சொல்லிக் குடுக்கறேன். என் பொண்ண எனக்குத் தெரியாதா? நேத்துகூட என் பக்கத்துல உக்காந்து நல்லாத்தான் சிரி..."

அங்கேயே நின்றுவிட்டார். தன் வாயிலிருந்து வருவது என்ன பேச்சு என்பது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"பூனை, இங்க வாடா. வந்து நில்லு. 'நான் அந்தப் பொண்ணு இல்ல'ன்னு சொல்லிடு. மிஸ் பயப்படறாங்க பாரு." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பூனை டம்ளரை வைத்துவிட்டு வந்தாள். நிற்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாள் உட்கார்ந்த அதே தினுசில், முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு. கூடத்தின் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. யாராவது அதை நிறுத்தித் தொலைக்கக் கூடாதா என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

நர்ஸம்மா இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெரிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"கண்ணு, செத்துப் போயிடலாம்னு தோணுதா உனக்கு?"

"ஆமா."

"எப்பலேருந்து?"

"எத்தனையோ தடவ சொல்லிட்டேனேம்மா. இங்க உக்காந்துதான் சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. நீயும் தட்டின."

"நீ சொன்னது ரொம்ப நல்லது. நான் உன்கூட..."

"அது அட்டையோட பின்பக்கம்மா," என்றாள் பூனை. கோபமில்லை அந்தக் குரலில். களைப்புதான் இருந்தது. "அடுத்தது டாக்டர். எனக்கு எல்லாம் மனப்பாடம்."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆறுதல் எழுதிக் கொடுத்தவருக்கு, பெற்ற மகளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை மிச்சமில்லை. அவர் கை மட்டும் தானாகப் போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்தது, நாடி பார்க்கிற பிடியாக. பிடித்தபடியே அழ ஆரம்பித்தார். அப்படியொரு அழுகையை நான் கேட்டதில்லை. வாசலில் நின்ற ரேடியோ ஓடி வந்து பேனா டப்பாவைப் பூனையின் மடியில் போட்டாள். "எனக்கு வேணாம்டி! நீயே வச்சுக்கோ! யார்கூட நான் நடந்து போவேன், சொல்லுடி!" என்று கத்தினாள். பூனை டப்பாவைத் தள்ளவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அம்மாவின் கையை மட்டும் உதறாமல் இருந்தாள். வேன் டிரைவருக்குப் போன் போட்டேன். பிடித்த கையை விடாமலே நர்ஸம்மா மகளோடு வேனில் ஏறினார். அவர் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். மனநல டாக்டர் பூனையோடு உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது, நர்ஸம்மா வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பழைய சகாக்கள் வந்து விசாரித்தார்கள். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பூனை இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். மருந்து சாப்பிடுகிறாள், வாரம் தவறாமல் டாக்டரைப் பார்க்கிறாள். கப்பல்காரர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். ரேடியோ தினமும் சாயங்காலம் போய்க் காது கிழியப் பேசிவிட்டு வருகிறாள். "நல்லாத்தான் தேறி வர்றா, ஆனா நாளாகும்" என்கிறார் டாக்டர். சில நாள் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்கிறாளாம். சில நாள் சிரிக்கக்கூடச் செய்கிறாள். அவள் சிரிக்கும்போதுதான் நர்ஸம்மாவின் முகம் வெளுத்துப்போகிறது. எதை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். தச்சரை வரவழைத்து வீட்டின் எல்லாக் கதவிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார்கள். பெயிண்ட் போன இடங்களில் திருகாணித் துளைகள் தெரிந்தன. நர்ஸம்மா எனக்கு டீ போட அடுப்படிக்குப் போனார். நானும் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன். பள்ளியில் வேறொருவர் வந்து வகுப்பு எடுக்கிறார், நடிப்பதற்கு வெளியிலிருந்து பெரியவர்களைத்தான் கூட்டி வருகிறார், ஒவ்வொருவரையும் நிற்க வைத்து வேஷம் கலைக்கிறார் என்றெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் அவர் காது என் பேச்சில் இல்லை. குளியலறையில் பூனை குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தத்தில்தான் இருந்தது அவர் காது.

சத்தம் நின்றது.

நர்ஸம்மாவின் கையில் டீத்தூள் கரண்டி அப்படியே நின்றது. "பூனை?"

பதில் இல்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அடுப்பை அணைத்தேன். நர்ஸம்மா அதற்குள் கதவை நோக்கி நடந்துவிட்டார். ஓடவில்லை. ஓடினால் உள்ளே கேட்கும், அவளுக்குச் சங்கடமாக இருக்கும். கதவில் உள்ளங்கையை வைத்தார். தள்ளினால் திறந்துவிடும் கதவுதான். தள்ளவில்லை.

"பூனை, இருக்கியா?"

கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.

"இருக்கேம்மா," என்றாள் பூனை.

நர்ஸம்மா திரும்பி வரவில்லை. உள்ளே மறுபடி தண்ணீர் விழத் தொடங்கும்வரை, கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.