முன் சீட்டு

எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது என்பது ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம் முழுக்கத் தெரிந்த சங்கதி. மாட்டு வண்டியில் ஏறினாலே தலை சுற்றும். மோட்டார் காரின் பெட்ரோல் வாடை தூரத்தில் வந்தாலே வாயில் தண்ணீர் ஊறி வயிற்றைப் பிரட்டும். இப்படிப்பட்டவள்தான் அயர்லாந்துக் கடலோரம் முழுக்கக் காரில் சுற்றி வரப்போகிறேன் என்று கிளம்பினேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நான் தோட்டத்துத் துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தேன். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளை குட்டி இல்லாமல் தனியாக நின்றவளைத் துரைசாணி தன் மகளைப் பார்த்துக்கொள்ள எடுத்துக்கொண்டார். துரையும் துரைசாணியும் அயர்லாந்துக்காரர்கள். அந்த நாட்டில் நடந்த சுதந்திரச் சண்டையெல்லாம் ஓய்ந்துவிட்டதாம். இந்தத் தடவை லீவில் ஊருக்குப் போகும்போது துரையின் அண்ணனுடைய காரை இரவல் வாங்கிக்கொண்டு கடலோர ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்பது துரைசாணியின் ஆசை. அந்த நாட்டிலேயே பிறந்தும் அவர் அந்தப் பாதையில் போனதில்லையாம்.

சாப்பாட்டு மேசையில் பெரிய வரைபடத்தை விரிப்பார். சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலையில் சீனிக் கிண்ணத்தை வைப்பார். கின்சேல், பான்ட்ரி, டிங்கிள், கால்வே என்று விரல் ஓடும். எனக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றே அந்த ஊர்களை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்துவிட்டேன். துரைசாணி எங்கே தங்குவது, எந்தக் கோட்டையைப் பார்ப்பது என்று யோசிப்பார். நான் பிள்ளைக்குப் பால் எங்கே காய்ச்சுவது, எந்நேரமும் மழை பெய்யும் ஊரில் துணி எப்படிக் காயும் என்று கேட்பேன். அதையெல்லாம் அவர் யோசித்திருக்கவில்லை. ஒரு ஊரில் ரெண்டு நாள் தங்கினால்தான் துணி காயும் என்று நான் பிடிவாதம் பிடித்ததில் அவருடைய திட்டமே மாறியது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

போகவேண்டும் என்று ஏன் அப்படி அடம் பிடித்தேன் என்றால், நான் கடலைத் தாண்டி வந்தவள், ஆனால் கடலைப் பார்த்தவள் இல்லை. சின்ன வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினார்கள். கீழ்த்தளத்தில் அம்மா மடியில் சுருண்டு படுத்து, வாந்தி எடுத்தபடியே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தேன். கடல் என்றால் எனக்கு ஞாபகம் வருவது ஒரு தகர வாளிதான். பிறகு ரயில், பிறகு லயத்து வரிசை வீடு, பிறகு ரப்பர்ப் பால் மரம். எங்கே போகிறோம் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இந்த ஒரு பயணத்தையாவது நானே முடிவு செய்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போகவேண்டும் என்றிருந்தது.

ஒருநாள் ஈப்போவுக்குக் கடைக்குப் போகையில் என்னையும் பிள்ளையையும் காரில் பின்னால் உட்கார வைத்தார்கள். ஜெலாப்பாங் வருவதற்குள் புது சீட்டை நாசம் செய்துவிட்டேன். துரைசாணிதான் மறுநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். வழி நெடுக இப்படி என்றால் பிள்ளையை யார் பார்ப்பது, ஈப்போவில் டாக்டர் வீட்டு ஆயா வெளிநாடெல்லாம் போய்ப் பழகியவள், அவளைக் கேட்டுப் பார்க்கலாமா என்று. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பழகிக்கொள்கிறேன், தவணை கொடுங்கள் என்று கேட்டேன். லூமுட் கடற்கரை வரை ஒருநாள் எல்லோரும் போவோம், வாந்தி எடுக்காமல் வந்தால் நீதான் என்றார்.

தோட்டத்து ரப்பர் ஷீட்டுகளை ஈப்போ ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும் லோரி ஒன்று இருந்தது. அதை ஓட்டியவர் எங்கள் லயத்து அண்ணன். பிள்ளை தூங்கும் நேரத்தில் லோரி கிளம்பினால், துரைசாணியிடம் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் ஏறிக்கொள்வேன். புகை போட்ட ஷீட்டின் நாற்றமும் எஞ்சின் சூடும் சேர்ந்தால் பழகியவர்களுக்கே குமட்டும். லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெறும் வயிறாகப் போ, உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே என்ன வரும் என்றார்கள். எனக்கும் சரியாகப் பட்டது. கோயிலுக்கு விரதம் இருப்பதுபோல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறினேன். குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. அண்ணன் லோரியை ஓரம் கட்டி, என்னை மரத்தடியில் உட்கார வைத்தார்.

"வெறும் வயித்தோட வந்தா இப்படித்தான்லா. பசியாறிட்டு வா. மடியப் பாக்காத தங்கச்சி, தூரத்துல ரோட்டப் பாரு. முன்னால உக்காந்து ரோட்டப் பாத்தா ஒண்ணும் ஆவாது."

அப்படியே செய்தேன். அதற்காக வாந்தி உடனே விட்டதா? ஒரு தடவை ஜெலாப்பாங் தாண்டினேன், அடுத்த தடவை தாண்டவில்லை. அண்ணன் ஒரு பழைய வாளியை என் காலடியிலேயே வைத்து, இதுதான் உன் சீமைக் கப்பல் என்று கேலி செய்தார். ஆனாலும் நான் வருவதை நிறுத்தவில்லை. ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் இறங்கியபோது வாளி காய்ந்து கிடந்தது. அன்றைக்கு அண்ணன் எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

லூமுட்டுக்குப் புறப்பட்ட காலையில் நன்றாகப் பசியாறினேன். இடுப்பில் ஒரு எலுமிச்சம்பழம். அயர்லாந்துக் குளிருக்கு என்று துரைசாணி சீனன் கடையில் தைக்கச் சொல்லி வாங்கிக் கொடுத்த தோல் சப்பாத்தை முதல் தடவையாகப் போட்டுக்கொண்டேன். துரை கார் ஓட்ட, துரைசாணி பக்கத்தில். நானும் பிள்ளையும் பின்னால். லகாட் தாண்டிய பிறகுதான் காலைப் பார்த்தேன். வெறுங்கால். கார்க் கதவைத் திறந்ததும், ஒரு வீட்டுக்குள் நுழைகிறவள் போலச் சப்பாத்தைக் கழற்றிப் பங்களாப் படியில் அடுக்கி வைத்துவிட்டு ஏறியிருக்கிறேன். சொன்னால் காரைத் திருப்பிவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. துரையின் தோளுக்கு மேலாக ரோட்டையே பார்த்தேன். பிள்ளைக்குக் கதை சொல்லும்போதும் ரோட்டைப் பார்த்தே சொன்னேன்.

வெயில் ஏறியபோது லூமுட் வந்தது. நான் வாந்தி எடுக்கவில்லை.

கதவைத் திறந்து இறங்கினேன். எதிரே கடல். அது இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அமைதியாகப் பளபளத்துக்கொண்டு கிடந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் போய் நின்றேன். சேலை நனைந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

திரும்பிப் பார்த்தால் காருக்குப் பக்கத்தில் துரைசாணி குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வெயில்தான் காரணம் என்றார் துரை. நான் ஓடிப்போய் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். அவர் அதை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. கொஞ்ச நாளாகவே காலைக் கோப்பியை அவர் தள்ளி வைப்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று மெல்லக் கேட்டேன். தலையாட்டினார். அவருக்காகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, பயணம் போச்சே என்று ஆத்திரம்தான் வந்தது.

பங்களாப் படியில் என் சப்பாத்து வைத்த இடத்திலேயே இருந்தது. துரைசாணி அதையும் என் காலையும் பார்த்து, அவ்வளவு அசதியிலும் சிரித்துவிட்டார்.

டாக்டர் உறுதி சொன்னதும் துரை லீவைத் தள்ளிப் போட்டார். ஒரு மத்தியானம் துரைசாணி மேசைக்கு வந்து, சீனிக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தார். இனி எங்கே போவது, ரெண்டு பிள்ளைகளோடு அதெல்லாம் நடக்காது என்றார். வேலைக்காரி செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். வரைபடத்தின் மேல் கையை வைத்து அழுத்தினேன்.

"மடிக்காதீங்க தொரசாணி. அடுத்த வருஷம் போலாம்."

"ரெண்டு பிள்ளை. உன்னால முடியுமா?" துரைசாணி தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"முடியும். ஆனா பின்னால உக்காந்தா எனக்கு ரோடு தெரிய மாட்டேங்குது. முன் சீட்டு எனக்கு வேணும்."

"அப்ப பிள்ளைங்கள யார் பாக்கறது?"

"மாத்தி மாத்திப் பாக்கலாம்."

அப்படியெல்லாம் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை. துரைசாணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சீனிக் கிண்ணத்தை எடுத்து மூலையில் திரும்ப வைத்தார்.

அடுத்த வருஷம் ஒரு மழைக் காலையில் கின்சேலில் கார் கிளம்பியபோது துரைசாணி பின்னால் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். நான் முன் சீட்டில் இருந்தேன். சப்பாத்து என் மடியில் இருந்தது.